உபின் தீவு: போய் வந்தாச்சு (புதுப்பிப்பு)

சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் நடை, சைக்கிள், கயாக் மூன்றையும் ஒரே நாளில் முடிக்கலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். இரண்டுதான் தேறியது.

சாங்கி படகுத்துறையில் படகுக்கு 12 பேர் சேரும்வரை காத்திருந்தோம். அப்புறம் சைக்கிள் எடுத்துக்கொண்டு நேராக, தீவின் கிழக்கு முனையில் இருக்கும் செக் ஜாவா கடலோரச் சதுப்புநிலம். கடல் வற்றி நீர்மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கும்போது போகச் சொன்னவருக்கு நன்றி! பலகைப் பாதைக்கு அடியில், சேற்றில், ஒற்றைக் கொடுக்கு பெருத்த நண்டுகள் கும்பலாகக் கையாட்டின. பாதையில் சைக்கிள் விடமாட்டார்கள். வாசலில் நிறுத்திவிட்டுத் திரும்பினால், கூடையிலிருந்த ரொட்டியைக் காட்டுப்பன்றி பையோடு மென்றுகொண்டிருந்தது. (மகனுக்கு அதுதான் அன்றைய சிறப்பு.)

கயாக்தான் நடக்கவில்லை. என் கணக்குத்தான் தப்பு: நண்டு பார்க்க நீர் வற்றவேண்டும், அலையாத்திக் காட்டு ஓடையில் துடுப்புப் போட நீர் ஏறவேண்டும். அதற்கு இன்னொரு நாள்தான்.