வாரம் இருமுறை குளிப்பாட்டியும் நாயின் வாடையும் அரிப்பும் நிற்கவில்லை: குளியலைக் கூட்டுவதா, குறைப்பதா?

திருநகர்க்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் நான்கு வயது ஆண் லாப்ரடார் ஒன்று இருக்கிறது. பெயர் மணி, எடை 34 கிலோ. ஆவணியில் தொடங்கிய அரிப்பு இப்போது ஐப்பசி மழையில் நன்றாக முற்றிவிட்டது. முதலில் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே குளிப்பாட்டி வந்தோம். புளித்துப்போன மாவுச் சட்டியைத் திறந்தது போன்ற ஒரு வாடை வரத் தொடங்கியதும் புதன்கிழமையையும் சேர்த்துக்கொண்டோம். குளித்த அன்று மாலை வரை மணமாக இருக்கிறான். மறுநாள் காலையில் எழுந்தால் அதே வாடை முன்னறை முழுவதும் நிற்கிறது.

அக்குள், தொடை இடுக்கு, கழுத்தின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் முடி கொட்டி, தோல் கறுத்து, எருமைத் தோல் போலத் தடித்திருக்கிறது. அங்கே சொறிந்துவிட்டால் என் நகக்கண்ணில் பழுப்பு நிறப் பிசுக்கு ஏறுகிறது; அவனோ பின்னங்காலால் காற்றை உதைத்தபடி கண்ணை மூடிக்கொள்கிறான். காதையும் அடிக்கடி உதறுகிறான். தீனியில் குறையில்லை.

நாங்கள் தேய்த்துக் குளிக்கும் சோப்பு, குழந்தைகளுக்கான ஷாம்பு, கீழமாசி வீதியில் வாங்கிய சீயக்காய்த் தூள் என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டோம். பிடரியில் விடும் உண்ணிச் சொட்டு மருந்தை மாதந்தோறும் விடுகிறோம்; இருந்தும் போன வாரம் காது மடலில் இரண்டு உண்ணிகளைப் பிடுங்கினேன். வீட்டிலிருந்த படைக் களிம்பைத் தடவியதில் நான்கு நாட்கள் அரிப்பு அடங்கி, ஐந்தாம் நாள் இரட்டிப்பாகத் திரும்பிவிட்டது. குளியலைக் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மேலூர்த் தோட்டம் எழுதியது:

தம்பி, எங்கள் பக்கத்தில் சொறி பிடித்த நாய்க்கு டிராக்டரிலிருந்து வடித்த பழைய ஆயிலில் மஞ்சள் தூளைக் குழைத்துப் பூசி வெயிலில் கட்டிவிடுவார்கள். இரண்டு பூச்சில் சொறி உதிர்ந்துவிடும்.

பழைய ஆய்வாளர் எழுதியது:

மேலூர் அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த ஆயிலை யாரும் பூச வேண்டாம். நாய் தன் உடம்பை நக்கும் பிராணி என்பதால் பூசியதில் பாதி வயிற்றுக்குள் போகும்; எஞ்சியது புண்பட்ட தோலின் வழியாக உள்ளே இறங்கும். மண்ணெண்ணெய், பினாயில், கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெய் ஆகியவற்றுக்கும் இதுவே பதில். கால்நடை ஆய்வாளராக இருந்த காலத்தில், சொறிக்கு முன்பே இந்த வைத்தியத்தால் துவண்டுபோன நாய்களைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திருநகர்த் தம்பிக்கு: நாம் தினமும் குளிப்பது வியர்ப்பதால். நாய்க்கு வியர்வை பெரும்பாலும் பாதத் திட்டுகளில்தான். உடம்புச் சூட்டை அது நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் ஆற்றிக்கொள்கிறது. ஆகவே தோல் நலமாக உள்ள நாய்க்கு மாதம் ஒரு குளியலே பொதுவாகப் போதும். மனிதத் தோல் சற்று அமிலத் தன்மை உடையது, நாயின் தோல் ஏறக்குறைய நடுநிலையானது. அதன் மேல்தோலும் நம்முடையதைவிட மெல்லியது. நம் குளியல் சோப்போ காரத் தன்மை கொண்டது. வாரம் இருமுறை அதைத் தேய்த்தால் தோலைக் காக்கும் எண்ணெய்ப் படலம் போய்விடும்.

இருந்தாலும் வாடை, பிசுக்கு, தடிப்பு, காது உதறல் ஆகிய நான்கும் சேர்ந்து வந்திருப்பதால் இதை வெறும் அழுக்கு என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். சில விவரங்கள் வேண்டும். குளிப்பாட்டுவது எந்தத் தண்ணீரில்? எப்படி உலர்த்துகிறீர்கள்? சொட்டு மருந்தை எந்தக் கிழமையில் விடுகிறீர்கள்? வீட்டில் மனிதர்கள் யாருக்காவது அரிப்பு உண்டா? காதை முகர்ந்து பார்த்தீர்களா?

திருநகர்க்காரன் எழுதியது:

ஐயா, நன்றி. தண்ணீர் எங்கள் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர்தான். குழாய் வாயில் வெள்ளையாகப் பொரிந்திருக்கும். துண்டால் முதுகை ஒரு முறை துடைத்துவிட்டு வேப்பமரத்தடியில் கட்டிவிடுவோம். மழை நாளில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், சிமெண்டுத் தரையில். சொட்டு மருந்து சனிக்கிழமை இரவில். மனிதர்களுக்கு அரிப்பு இல்லை. காதிலும் அதே புளித்த வாடைதான். இதுவரை நான் முகர்ந்து பார்த்ததே இல்லை.

பழைய ஆய்வாளர் எழுதியது:

சனி இரவு விட்ட மருந்தை ஞாயிறு காலையில் நீங்களே கழுவி விட்டிருக்கிறீர்கள். சொட்டு மருந்து தோலின் எண்ணெயில் கலந்து பரவ நேரம் வேண்டும் என்பதால், அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாட்களாவது குளியல் கூடாது. உண்ணி கிடைத்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். வீட்டுச் சுவர் வெடிப்புகளையும் பாருங்கள், உண்ணி முட்டையிடுவது அங்கேதான், நாயின் மேல் அல்ல.

உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாக அலசப்படாமல் திப்பியாகத் தோலிலேயே தங்கும். லாப்ரடாரின் அடி முடி அடர்த்தியானது. மேலே தொட்டால் காய்ந்தது போலத் தெரியும், உள்ளே விரலை விட்டால் ஈரம் கசியும். வெப்பமும் ஈரமும் பிசுக்கும் ஓரிடத்தில் சேர்ந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

மனிதர்களுக்கான படைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்பு நான்கு நாட்கள் அடங்கியது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

புதூர் அம்மா எழுதியது:

எங்கள் பக் நாய்க்கும் இதே வாடை இருந்தது. மருத்துவரிடம் போவதற்கு முன் நான்கு நாட்களாவது குளிப்பாட்டாமல், களிம்பு எதுவும் பூசாமல், அப்படியே அழைத்துச் செல்லுங்கள். நான் வெட்கப்பட்டு முதல் நாள் நன்றாகக் குளிப்பாட்டிப் பவுடரும் போட்டுக் கொண்டுபோனேன். பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாததால் மறுபடி வரச் சொல்லிவிட்டார். இதுவரை பூசியவற்றின் டியூபுகளையும் எடுத்துச் செல்லுங்கள். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கும்படி நீங்களே கேளுங்கள். பார்க்காமல் ஊசி போட்டு அனுப்பும் இடங்களும் இருக்கின்றன.

திருநகர்க்காரன் எழுதியது:

நேற்று போய் வந்தோம். மருத்துவர் ஒளிபுகும் ஒட்டு நாடாவை அக்குளில் அழுத்தி எடுத்து, சாயம் ஏற்றி, என்னையும் நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். தோலோடு நிலக்கடலையை உருட்டிவிட்டது போல ஊதா நிறத்தில் கூட்டம் கூட்டமாக இருந்தது. மலாசீசியா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சையாம். தோலைச் சுரண்டியும் பார்த்தார். அதில் சொறிப் பேன் தென்படவில்லை.

குளோர்ஹெக்சிடின் 2 விழுக்காடும் மைக்கோனசோல் 2 விழுக்காடும் கலந்த ஷாம்புவைப் போட்டு வாரம் இருமுறை குளிப்பாட்டச் சொல்லியிருக்கிறார். காதுக்குத் தனியாகச் சொட்டு மருந்து. இங்கேதான் குழம்புகிறேன்: குளியலைக் குறைக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னீர்கள், அவரோ நான் முன்பு செய்த அதே இரண்டு முறையைத்தான் சொல்கிறார்.

பழைய ஆய்வாளர் எழுதியது:

நான் சொன்ன மாதக் கணக்கு நலமான தோலுக்கு. இப்போது நீங்கள் ஊற்றப்போவது மருந்து; அதற்கு மருத்துவர் சொன்ன கணக்குதான். நுரை தோலில் முழுதாகப் பத்து நிமிடங்கள் இருக்க வேண்டும். கைப்பேசியில் நேரம் வைத்துக்கொள்ளுங்கள், மனத்தில் எண்ணினால் நான்கு நிமிடத்திலேயே பத்து ஆகிவிடும். முதலில் அக்குளிலும் தொடை இடுக்கிலும் தேய்த்துவிட்டு முதுகைக் கடைசியாகத் தொடுங்கள். நக்கவிடாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். கடைசி அலசலுக்காவது மாநகராட்சித் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். பிறகு விரல் இடுக்கு வரை துண்டால் ஒற்றி எடுத்து, மின்விசிறிக்கு அடியில் நிறுத்துங்கள்.

நாயின் மேல்தோல் புதிதாக மாறுவதற்கே ஏறக்குறைய மூன்று வாரங்கள் ஆகும் என்பதால் முதல் வாரத்தில் மனம் தளர வேண்டாம். இந்தப் பூஞ்சை நலமான நாயின் தோலிலும் சிறிதளவு இருப்பதுதான். பெருகும்படி அதற்கு இடம் கொடுத்தது எது என்பதை மருத்துவரிடம் கேட்டீர்களா? ஒவ்வாமையாக இருக்கலாம், தைராய்டு குறைவாகவும் இருக்கலாம்.

திருநகர்க்காரன் எழுதியது:

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன். வாடை இரண்டாம் வாரத்திலேயே போய்விட்டது. கறுப்பு இன்னும் இருக்கிறது. ஆனால் தோல் மெலிந்து, அக்குளில் பூனை முடி போல முளைத்திருக்கிறது. குளியலை வாரம் ஒன்றாகக் குறைத்துவிட்டார். இரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரியாக இருந்ததால், உணவு ஒவ்வாமை உண்டா என்று அறிய எட்டு வாரங்களுக்கு மீனும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் மட்டுமே கொடுக்கச் சொல்லியிருக்கிறார். இரண்டையும் மணி இதற்கு முன் தின்றதில்லை.

ஆனால் மூன்றாம் வாரத்தில் பாதங்களை மறுபடி நக்கத் தொடங்கினான். விசாரித்ததில், காலை நடைக்கு அழைத்துச் செல்லும் அப்பா டீக்கடையில் தினமும் ஒரு பொறை வாங்கிப் போட்டிருக்கிறார். "பொறையெல்லாம் ஒரு சாப்பாடா?" என்று கேட்கிறார். ஒரு பொறையால் இந்தச் சோதனை கெட்டுவிடுமா, ஐயா?

பழைய ஆய்வாளர் எழுதியது:

கெட்டுவிடும். பொறையில் கோதுமை மாவு இருக்கிறது, பாலும் இருக்கலாம். எட்டு வாரக் கணக்கை நாளை முதல் புதிதாகத் தொடங்குங்கள். அப்பா டீக்கடைக்குத் தனியாகப் போய் வரட்டும்.