நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல துணி துவைக்கிறதைவிட காய வைக்கிறதுதான் பெரும்பாடு. உங்க அனுபவம் சொல்லுங்க

குலசேகரத்திலிருந்து:

ஆனி பிறந்தாச்சு. பிள்ளைகளோட வெள்ளைச் சட்டையில காலருக்குக் கீழ கரிம்பன் (ஈரத்துல பிடிக்கிற கறுப்புப் பூஞ்சைப் புள்ளி) விழவும் தொடங்கியாச்சு. வீட்டைச் சுத்தி ரப்பர் மரம். முற்றத்துல வெயில் எட்டிப் பாக்கிறதே மதியத்தை ஒட்டி, அதுக்குள்ள மழை வந்துரும். இந்த மழை சிணுங்கிச் சிணுங்கி ஓஞ்சு, ஒரு மூச்சு விடுறதுக்குள்ள ஐப்பசி மழை நிக்கும். மெட்ராஸ்ல இருக்கிற தங்கச்சிக்கு இதைச் சொன்னா புரியல. அவளுக்கு வருஷத்துல ஒரு மழைக்காலம்தான் பெரிய மழைக்காலம், நமக்கு ரெண்டும்.

நான் கண்டது: ஈரத்துணியைக் கூடையில குவிச்சுப் போடக்கூடாது. பள்ளி விட்டு வந்ததும் சட்டையை வெறும் தண்ணியில அலசி, பிழிஞ்சு, ஃபேனுக்குக் கீழ விரிச்சுருவேன். சோப்பு போட்டு அலக்கிறதெல்லாம் அப்புறம். வியர்வையும் ஈரமும் ராத்திரி முழுக்கச் சேர்ந்து கிடந்தாத்தான் கரிம்பன் பிடிக்குது. மழை மாசத்துல கஞ்சி போடுறதையும் விட்டாச்சு, பூஞ்சைக்கு அது நல்ல தீனி. மாமாவுக்கு வேட்டி மொடமொடன்னு நிக்கணும். "தை வரைக்கும் பொறுங்க மாமா"ன்னு சொல்லியிருக்கேன்.

விழுந்த கரிம்பனுக்கு எலுமிச்சம்பழச் சாறும் உப்பும் தேச்சு வெயில்ல போடச் சொல்றாங்க. வெயில் இருந்தா கரிம்பன் ஏன் வருது?

ஆரல்வாய்மொழியிலிருந்து:

அக்கா, எங்களுக்கு உங்களுக்கு நேர் எதிர்ப் பாடு. ரெண்டாவது வாளியைப் பிழிஞ்சு எடுத்துட்டு வர்றதுக்குள்ள முதல் வாளித் துணி காஞ்சுரும். அது கொடியில கிடக்குமாங்கிறதுதான் சந்தேகம். மலை இந்த இடத்துல கணவாயா வழி விடுறதால தென்மேற்குக் காத்து மொத்தமும் இதுக்குள்ளதான் புகுந்து வருது. முப்பந்தல்ல கரண்ட் எடுக்கிற காத்தாடியைச் சுத்துற அதே காத்துதான் எங்க போர்வையையும் சுத்துது.

ஆடி மாசம் எங்க தெருவுல துணி கைமாறாத வீடு இல்ல. எதிர்வீட்டு மைனியோட நைட்டி எங்க முருங்கையில தொங்கும், எங்க தலையணை உறை நாலு வீடு தாண்டி மாட்டுத் தொழுவத்துல கிடக்கும். கொண்டு குடுக்கப் போன சாக்குல அரைமணி நேரம் பேச்சு ஓடும்.

பறக்கிறதைவிடப் பெரிய நஷ்டம் விளிம்பு பிஞ்சு போறது. படபடன்னு அடிச்சு அடிச்சு ஓரத்து நூல் விட்டுப் போயிரும். அதனால புதுப் போர்வை, துண்டு எது வாங்கினாலும் உடுத்துறதுக்கோ விரிக்கிறதுக்கோ முன்னாலயே அம்மையோட பழைய மிதி மெஷின்ல ஓரத்தை ரெட்டை மடிப்பா மடிச்சு ஒரு தையல் ஓட்டிருவேன். போர்வையை ஓரத்தைப் பிடிச்சு கிளிப் போட்டுத் தொங்க விடாதீங்க. மூணுல ஒரு பங்கு கொடிக்கு இந்தப் பக்கம் வர்ற மாதிரி மடிச்சுப் போட்டு, மடிப்பு மேல கிளிப் மாட்டுங்க. தலையணை உறையோட வாய் காத்துக்கு எதிரா இருந்தா பலூன்தான்.

குளச்சல் பக்கமிருந்து:

எங்களுக்குக் காத்தும் உண்டு, வெயிலும் உண்டு. ஆனா கடலுப்பு விடாது. நாலு மணிக்கு நல்லாக் காஞ்சு கிடந்த துணி விளக்கு வைக்கிற நேரம் தொட்டா மறுபடி நசநசன்னு இருக்கும். துணியில படிஞ்ச உப்பு காத்துல உள்ள ஈரத்தை இழுத்துக்கிடும். அதனால பொழுது சாயும் முன்னயே எடுத்துரணும், ராத்திரி வெளியில விட்டா காலையில திரும்ப அலசணும்.

இரும்புக் கம்பியில கொடி கட்டவே கட்டாதீங்க. கம்பி துருப்பிடிச்சு, அந்தத் துரு துணியில கோடு கோடா இறங்கும். கிளிப்புக்குள்ள இருக்கிற ஸ்பிரிங்கும் அப்படித்தான். துருக்கறைன்னு தெரியாம ப்ளீச்சிங் பவுடர் போட்டா கறை இன்னும் அழுத்தமா உக்காந்துக்கிடும். எலுமிச்சையும் உப்பும் உண்மையிலேயே வேலை செய்றது இந்தக் கறைக்குத்தான். கிணத்துத் தண்ணியில இரும்பு இருக்கிற வீட்டுக்காரங்களும் இதைக் கவனிங்க. வெள்ளைத்துணி செம்மண் நிறமா மாறுதுன்னு ப்ளீச்சிங் பவுடரைக் கூட்டிக் கூட்டிப் போடுறவங்க நிறைய.

எங்க வீட்டுல கிளிப்பே கிடையாது. பழைய வலைக் கயிறு ரெண்டை எடுத்து ஒண்ணோட ஒண்ணு முறுக்கி இறுக்கமா கட்டியிருக்கோம். முறுக்கு இடுக்குல துணியோட முனையைச் சொருகினா போதும், எந்தக் காத்துக்கும் அசையாது. இது எங்க அப்பா கட்டினது. கடலுக்குப் போறதை நிறுத்தின பிறகு வலை முடையிற கை சும்மா இருக்க மாட்டேங்குது அவருக்கு. பழைய நரம்பு வலையில பாவலுக்கும் (பாகற்காய்) பயறுக்கும் பந்தல் போட்டிருக்கார். மயில் கொத்தாது, கோழி கிளறாது. ஒண்ணு மட்டும்: வலையைத் தரை வரைக்கும் தொங்க விடாதீங்க, பாம்பு சிக்கிக்கிடும். ஒரு முழம் தூக்கிக் கட்டணும்.

மணவாளக்குறிச்சி கடற்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறவங்க பாக்கெட்டை வெளிய இழுத்து உதறிட்டுத் துணியை மெஷின்ல போடுங்க. அந்தக் கருமணல் சாதா மணலைவிடக் கனம். தண்ணியோட போகாம அடியிலேயே தங்கிரும்.

கருங்கல்லிலிருந்து:

நான் ஆம்பிளை, எங்க வீட்டுல துணி அலக்குறது நான்தான். அவ வெளிநாட்டுல நர்ஸ். மகளும் நானும் இங்க. முதல்ல ஊர்க்காரங்க கண்ணுக்கு இது உறுத்தலா இருந்துச்சு. பக்கத்து வீட்டு மாமி மதில் மேல எட்டிப் பாத்து, "ஏ மக்கா, நைட்டிய ரோட்டப் பாத்துக் காயப் போடாதே, ஆளுவ என்ன நெனப்பாவ?" "வெயில் அந்தப் பக்கந்தானே மாமி அடிக்குவு." அதுக்கு மேல மாமி ஒண்ணும் பேசல. இப்போ மழை வந்தா எனக்க துணியையும் சேத்து அவங்களே எடுத்து வைக்காங்க.

எனக்குச் சொல்ல இருக்கிறது வாழைக்கறை பத்தித்தான். மட்டி, ஏத்தன், செந்துளுவன் எல்லாம் வச்சிருக்கேன். குலை வெட்டும்போது தெறிக்கிற சாறு முதல்ல தண்ணி மாதிரிதான் இருக்கும். காத்துப் பட்டதும் கறுத்து நூலுக்குள்ள ஏறிரும், பிறகு எந்தச் சோப்புக்கும் அசையாது. விளம்பரத்துல வர்ற எல்லாத் திரவமும் இதுக்கு முன்னால தோத்ததுதான். தெறிச்ச உடனே, ஈரம் காயும் முன்ன தண்ணியில பிடிச்சா பாதி போகும். மற்றபடி தோட்டத்துக்குன்னு ஒரு சட்டை, ஒரு கைலி ஒதுக்கிருங்க. கறையோட மல்லுக்கட்டுறதுல புண்ணியமில்ல.

2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் அடிச்சுதே, அன்னைக்கு விழுந்த வாழையை எல்லாம் வெட்டி ஒதுக்கும்போது உடுத்திருந்த சட்டை இன்னும் இருக்கு. முழுக்கக் கறுப்பு. தூரப் போட மனசில்ல.

நாகர்கோவிலிலிருந்து:

எல்லாரும் வெள்ளைத்துணி பத்திப் பேசுறதால எங்க அம்மாவோட தலையணை பத்திச் சொல்றேன். படுக்கிற தலையணை இல்ல, லேஸ் பின்னுற தலையணை. இறுக்கமா அடைச்சிருக்கும். மேல டிசைன் துளை போட்ட அட்டை, துளைக்கு ஒண்ணா குண்டூசி, நூல் சுத்தின மரக்கட்டைகள் ஜோடி ஜோடியாத் தொங்கும். அந்தக் கட்டைகளை மாத்தி மாத்திக் குறுக்கே போட்டு முறுக்க முறுக்க லேஸ் இறங்கி வரும். கட்டை ஒண்ணோட ஒண்ணு தட்டுற சத்தத்தை வச்சே அம்மா கோவமா இருக்காளான்னு நாங்க கண்டுபிடிச்சுருவோம்.

இந்தக் கைவேலை நம்ம ஊருக்கு வந்தது, 1819-ல நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மால்ட் போதகரோட மனைவி மார்த்தா மால்ட் வழியா. பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோட இதையும் கத்துக் குடுத்திருக்காங்க. திருவிதாங்கூர்ல அடிமைமுறை 1855 வரைக்கும் இருந்துச்சு. லேஸ் பின்னின கூலியைச் சேர்த்து வச்சு தங்களையே மீட்டுக்கிட்ட பெண்கள் உண்டுன்னு மிஷன் வரலாற்றுல இருக்கு. மாராப்பு போடுற உரிமைக்கே 1859 வரை அடிபட்ட மண்ணு இது. தையல் வகுப்புன்னா ஏதோ பொழுதுபோக்குன்னு சிரிக்கிறவங்களைக் கண்டா எனக்கு எரிச்சல் வரும். நான் இப்போ குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) மட்டும் பின்னுறேன். அம்மாவுக்கு அது கூலி, எனக்குத்தான் பொழுதுபோக்கு.

கையால பின்னின லேஸைத் துவைக்கிறவங்க பிழியவே கூடாது. சோப்பு நுரையில ஊற வச்சு உள்ளங்கையால அமுக்குங்க. துண்டுக்குள்ள சுருட்டி ஈரத்தை எடுங்க. பலகையில விரிச்சு, ஓரம் சுருளாம குண்டூசி குத்தி நிழல்ல உலர்த்துங்க. அம்மா வேலைக்கு உக்காரும் முன்ன கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முடிஞ்சதும் தலையணையை வேட்டித் துணியால மூடி வைப்பா. வெள்ளை நூலுல வியர்வை பட்டா மஞ்சள் ஏறிரும்.

தோவாளையிலிருந்து:

எங்க வீட்டுல துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துலயே அரளியும் நொச்சியும் குவிஞ்சு கிடக்கும், மாணிக்கமாலை கட்டுற வீடு. உடுத்தின துணி எல்லாத்துலயும் பூ வாசம்னு விருந்தாளிங்க சொல்வாங்க. எங்களுக்குத் தெரியல.

திருவட்டாரிலிருந்து:

இடையில ஒரு அவசரம். சக்கை (பலாப்பழம்) வெட்டும்போது புதுச் சுடிதார்ல சக்கைப் பால் ஒட்டிக்கிச்சு. சோப்பு போட்டேன், வெந்நீர் ஊத்தினேன், போகல.

குலசேகரத்திலிருந்து:

தேச்சுத் தேச்சுப் பரப்பாதீங்க. ஒட்டினதுல வழிச்சு எடுக்கக்கூடியதை மழுங்கின கத்தியால வழிச்சு எடுத்துட்டு, தேங்காய் எண்ணெய் விட்டு விரலால மெல்ல உருட்டுங்க. இளகி வந்துரும். பிறகு நிக்கிற எண்ணெய்க் கறைக்குப் பாத்திரம் கழுவுற சோப்பு. குளச்சல் அக்கா, அந்த வலைக் கயிறு கடையில கிடைக்குமா, இல்ல உங்க அப்பாகிட்டதான் கேக்கணுமா?

திருவட்டார்க்காரங்களே, வெட்டினது கெட்டிச் சுளை வருக்கையா, குழைஞ்ச சுளைக் கூழனா? வருக்கைன்னா ரெண்டு கொட்டை எடுத்து வையுங்க, வந்து வாங்கிக்கிறேன்.