ஏடபிள்யூஎஸ் சிஸ்டம்ஸ் மேனேஜர்: ஒரு சர்வர் சேர்ந்தது, மற்றவை சேரவில்லை. அவசரம்!

ரேக்மூணு:
வணக்கம். ஆபீசில் இருக்கும் பழைய சர்வர்களை ஏடபிள்யூஎஸ் சிஸ்டம்ஸ் மேனேஜரில் (அமேசான் கிளவுடிலிருந்து சர்வர்களை நிர்வகிக்கும் சேவை) சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கமாண்ட் லைனில்தான் செய்கிறேன். காலையில் முதல் சர்வர் உடனே சேர்ந்துவிட்டது. சர்வரைச் சேர்க்க ஏடபிள்யூஎஸ் தரும் ஆக்டிவேஷனில் அதே கோடு, அதே ஐடி போட்டு அடுத்ததில் கொடுத்தால் எரர். எல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறேன். நாளைக்குள் முடிக்க வேண்டும், யாராவது சொல்லுங்களேன்.

ஃபயர்வால்_ராணி:
என்ன எரர்? ஓஎஸ் என்ன? மொத்தம் எத்தனை சர்வர்? எந்த ரீஜன்? எரர் என்று மட்டும் சொன்னால் சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும்.
என் ஊகம், இரண்டாவது சர்வர் வேறு விலானில் (தனி நெட்வொர்க் பிரிவு) இருக்கும். அங்கிருந்து வெளியே போக 443 போர்ட் திறந்திருக்கிறதா பாருங்கள். உள்ளே வர எதையும் திறக்க வேண்டாம், சர்வரில் ஓடும் சிஸ்டம்ஸ் மேனேஜர் ஏஜென்ட்தான் வெளியே போய்ப் பேசும்.

மணி_தவறாதவன்:
சர்வர் கடிகாரத்தைப் பாருங்கள். நேரம் சில நிமிடம் பிசகியிருந்தாலும் ஏடபிள்யூஎஸ் கையொப்பத்தை ஏற்காது. பத்துக்கு ஒன்பது பிரச்சினை நேரம்தான். நேரத்தைச் சரிசெய்யும் க்ரோனி ஓடுகிறதா?

ஃபயர்வால்_ராணி:
பிரிண்டர் ஓடவில்லை என்று ஒருவர் கேட்டபோதும் இதையேதான் சொன்னீர்கள்.

பழைய_சிங்கம்:
கமாண்டை எங்கிருந்தோ எடுத்து ஒட்டினால் இப்படித்தான். ஆக்டிவேஷன் என்றால் என்ன, ஐஏஎம் ரோல் (ஏடபிள்யூஎஸ் அனுமதிகள்) எதற்கு, இதெல்லாம் டாக்குமெண்டில் தெளிவாக எழுதியிருக்கிறது. படித்துவிட்டு வாருங்கள். எங்கள் காலத்தில் மேன் பேஜ்தான் வாத்தியார்.

ரேக்மூணு:
உபுண்டு 22.04. நான்கு சர்வர். மும்பை ரீஜன். நேரம் சரி, 443-ம் சரி, கர்ல் கமாண்டில் இணைப்பு போகிறது. ஆக்டிவேஷன் செல்லாது என்கிற மாதிரி வருகிறது. காலையில் அதே கோடில்தானே முதல் சர்வர் சேர்ந்தது?

அன்சிபிள்_அண்ணாச்சி:
நாலு சர்வருக்கு இவ்வளவு பாடா? பல சர்வரை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அன்சிபிள் போடுங்கள். எஸ்எஸ்ஹெச் இருந்தால் போதும், ஏஜென்டே வேண்டாம்.

சிவப்பு_கேபிள்:
கிரியேட்-ஆக்டிவேஷன் கொடுத்தபோது ரெஜிஸ்ட்ரேஷன்-லிமிட் (அந்தக் கோடில் எத்தனை சர்வர் சேரலாம்) போட்டீர்களா? போடாவிட்டால் அது 1 தான். முதல் சர்வரோடு கணக்கு தீர்ந்தது. டிஸ்க்ரைப்-ஆக்டிவேஷன்ஸ் கொடுத்துப் பாருங்கள், லிமிட் எத்தனை, எத்தனை சேர்ந்திருக்கிறது என்று காட்டும்.
இருக்கிற ஆக்டிவேஷனில் லிமிட்டை ஏற்ற முடியாது, புதிதுதான் எடுக்க வேண்டும். தேதி சொல்லாவிட்டால் 24 மணி நேரத்தில் காலாவதி, அதிகபட்சம் 30 நாள். கோடு ஒரே ஒருமுறைதான் திரையில் வரும், அப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஏஜென்ட் ஸ்னாப்பில் (உபுண்டுவின் பேக்கேஜ் முறை) வந்திருந்தால் ஸ்னாப் பாதையில் இருக்கும் பைனரியை வைத்துத்தான் ரெஜிஸ்டர் கொடுக்க வேண்டும். அதற்கு முன் சர்வீசை நிறுத்துங்கள், முடிந்ததும் தொடங்குங்கள்.

ஃபயர்வால்_ராணி:
அண்ணாச்சி, அன்சிபிளுக்கு எஸ்எஸ்ஹெச்சின் 22 போர்ட்டை யார் திறந்து தருவது? எங்கள் ஆடிட்டர் அந்த எண்ணைக் கேட்டாலே முறைப்பார்.

அன்சிபிள்_அண்ணாச்சி:
விபிஎன் எதற்கு இருக்கிறதாம்? ஏஜென்ட் வைத்துவிட்டு, செஷன் மேனேஜர் வழியாக உள்ளே நுழையலாம் என்று நினைக்காதீர்கள். ஈசி2 (ஏடபிள்யூஎஸ்ஸின் சொந்த கிளவுட் சர்வர்) அல்லாத சர்வருக்கு அட்வான்ஸ்டு டயர் (கட்டணப் பிரிவு) வேண்டும். மணிக்கணக்கில் காசு.

பழைய_சிங்கம்:
அரைகுறையாகப் பயமுறுத்த வேண்டாம். ஒரு கணக்கில் ஒரு ரீஜனுக்கு 1,000 சர்வர் வரை ஸ்டாண்டர்டு டயரில் இலவசம்.

அன்சிபிள்_அண்ணாச்சி:
சேர்ப்பது இலவசம் ஐயா, யார் இல்லை என்றது? செஷன் மேனேஜருக்கு அது போதாது என்கிறேன். அந்த டயர் செட்டிங் ரீஜன் முழுவதற்கும் பொது. ஒரு சர்வருக்காக மாற்றினால் அங்கே சேர்த்த அத்தனைக்கும் பில் வரும்.

பழைய_சிங்கம்:
அதுவும் டாக்குமெண்டில் இருக்கிறது.

ரேக்மூணு:
லிமிட் 10 போட்டுப் புதிது எடுத்தேன். இப்போது மூன்று வந்துவிட்டது. நாலாவது மட்டும் இல்லை. ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது, மாற்றி எழுதலாமா என்று கேட்டது. பயந்து நோ கொடுத்துவிட்டேன்.

சிவப்பு_கேபிள்:
நாலாவது, முதல் சர்வரை அப்படியே நகலெடுத்த குளோனா?

ரேக்மூணு:
ஆமாம், மத்தியானம் விஎம்வேரில் எடுத்தது. அது முக்கியமா?

சிவப்பு_கேபிள்:
அதுதானே முக்கியம்! குளோனோடு முதல் சர்வரின் பதிவும் கூடவே வந்திருக்கிறது. இரண்டும் ஒரே எம்ஐ எண்ணில் (சேர்ந்த சர்வருக்கு ஏடபிள்யூஎஸ் தரும் அடையாள எண்) பேசுகின்றன. நாலாவதில் மறுபடி ரெஜிஸ்டர் கொடுத்து இந்த முறை யெஸ் சொல்லுங்கள், புது எண் கிடைக்கும். பிறகு முதல் சர்வரில் ஏஜென்டை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள். கன்சோலில் போய் டிரெஜிஸ்டர் அழுத்திவிடாதீர்கள், அந்த எண் முதல் சர்வருடையது. இனி டெம்ப்ளேட் எடுத்தால் அதில் ரெஜிஸ்டர்-க்ளியர் கொடுத்து பழைய பதிவை அழித்துவிட்டு எடுங்கள்.

ரேக்மூணு:
நாலும் ஆன்லைன். நன்றி அண்ணா.

மணி_தவறாதவன்:
நல்லது. க்ரோனியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஃபயர்வால்_ராணி:
ரேக்மூணு தம்பி, புது ஆக்டிவேஷனை டெலீட் செய்துவிட்டீர்களா? அதில் இன்னும் 7 இடம் பாக்கி. கோடு யார் கையிலாவது சிக்கினால் அவர்கள் சர்வரும் உங்கள் கணக்கில் வந்து உட்காரும். டெலீட் செய்வதால் சேர்ந்தவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

ஃபயர்வால்_ராணி:
தம்பி?