1990 நேபிள்ஸ் அரையிறுதி இரவு: சான் பாவ்லோ அரங்கம் யார் பக்கம் நின்றது?

தல்லாகுளம் வாசகர் கேட்கிறார்:

வணக்கம். 1990ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் தேதி, உலகக் கோப்பை அரையிறுதியில் இத்தாலியும் அர்ஜென்டினாவும் நேபிள்ஸ் நகரத்துச் சான் பாவ்லோ அரங்கத்தில் மோதிய ஆட்டத்தை அன்றைக்கே தொலைக்காட்சியில் பார்த்த மதுரைப் பக்கத்துப் பெரியவர்களிடம் ஒரு விவரம் கேட்க விரும்புகிறேன். நான் அந்த ஆட்டத்துக்குப் பிறகு பிறந்தவன். எங்கள் பகுதியில் அர்ஜென்டினா அணித் தலைவர் மரடோனாவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், நேபிள்ஸ்காரர்கள் சொந்த நாட்டைக் கைவிட்டு அர்ஜென்டினாவுக்குக் கைதட்டினார்கள் என்று யாராவது ஒருவர் அடித்துச் சொல்கிறார். 2020 நவம்பரில் மரடோனா மறைந்து, அடுத்த மாதமே அந்த அரங்கத்துக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்ட பிறகு, இந்தப் பேச்சு மேலும் வலுத்துவிட்டது.

இணையத்தில் கிடைக்கும் சுருக்கக் காணொளிகளில் கோல்களும் பெனால்டிகளும் மட்டுமே இருக்கின்றன. அரங்கத்தின் உண்மையான ஓசையைப் பின்னணி இசை மூடிவிடுகிறது. எனவே முழு ஆட்டத்தையும் பார்த்தவர்கள் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டம் உண்மையில் யாருக்காகக் குரல் கொடுத்தது? இத்தாலியின் தோல்வியில் அந்தக் கூட்டத்துக்குப் பங்கு உண்டா?

அரசரடி ரயில்வே காலனிக்காரர்:

தம்பி, நல்ல கேள்வி. இதற்கு ஒரே சொல்லில் விடை சொல்ல முடியாது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இத்தாலியில் இரவு 8 மணிக்குத் தொடங்கிய ஆட்டம் நமக்கு இரவு 11.30 மணிக்கு வந்தது. கொடைக்கானல் பக்கம் திருப்பி வைத்த ஆன்டெனாவும் தூர்தர்ஷனும்தான் அன்று நமக்கு இருந்த ஒரே வழி. எங்கள் காலனியில் தொலைக்காட்சி இருந்த வீடுகளின் கூடங்களில் கோப்பை நடந்த அந்த ஒரு மாதமும் பாய் விரித்தே கிடந்தது. ரயில்வே மைதானத்தில் மாலையில் ஆடுகிற இளைஞர்களில் பெரும்பாலோர் 1986 உலகக் கோப்பை முதலே மரடோனாவின் ஆட்கள் என்பதால், எங்கள் கூடத்தில் இத்தாலிக்குப் பேச ஆளே இல்லை. அதனால்தான் அரங்கத்தின் ஓசையை நாங்கள் அவ்வளவு கவனமாகக் கேட்டோம். நம்மைப் போலவே அங்கேயும் இருப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு எங்களுக்கு இருந்தது.

அந்த எதிர்பார்ப்புக்குக் காரணம் உண்டு. மரடோனா 1984இல் நேபிள்ஸ் நகரத்துக் கிளப்பான நேபோலி அணிக்கு வந்தார். அதுவரை இத்தாலிய லீகை ஒருமுறைகூட வென்றிராத அந்த அணி 1987இலும், இந்த உலகக் கோப்பைக்குச் சில வாரங்கள் முன்பு 1990இலும் பட்டம் வென்றது. நடுவில் 1989இல் ஐரோப்பியக் கிளப்புகளுக்கான யூஈஎஃப்ஏ கோப்பையும் கிடைத்தது. வடக்கின் பணக்கார நகரங்களான மிலானும் டூரினும் ஏளனமாகப் பார்த்த ஒரு தெற்கு நகரத்துக்கு இது வெறும் விளையாட்டு வெற்றி அல்ல. வடக்கு அரங்கங்களில் நேபிள்ஸ்காரர்களை வெசுவியஸ் எரிமலை நெருப்பால் கழுவட்டும் என்று பதாகை பிடித்த காலம் அது. அரையிறுதிக்கு முன்பு மரடோனா இந்தப் புண்ணைத்தான் தொட்டார். ஆண்டு முழுவதும் உங்களை அந்நியர்களாக நடத்திவிட்டு ஒரே ஓர் இரவுக்கு மட்டும் இத்தாலியர்களாக இருக்கச் சொல்கிறார்களே என்ற பொருளில் அவர் பேசியது இத்தாலியப் பத்திரிகைகளைக் கொதிக்க வைத்தது.

இனி அரங்கத்துக்கு வருகிறேன். அர்ஜென்டினாவின் நாட்டுப்பண் இசைக்கப்பட்டபோது கூட்டம் ஊளையிடவில்லை. அந்தத் தொடரில் அந்த அணிக்கு அது அரிய மரியாதை. ஆனால் 17ஆவது நிமிடத்தில் இத்தாலியின் வியாலி அடித்த பந்தை அர்ஜென்டினா கோல்கீப்பர் கோய்கோசியா தடுத்துவிட, திரும்பி வந்த பந்தை இத்தாலியின் ஸ்கில்லாச்சி உள்ளே தள்ளியபோது எழுந்த முழக்கத்தில் எந்தத் தயக்கமும் இல்லை. அர்ஜென்டினாவுக்காக வந்த கூட்டம் அப்படி முழங்காது. எங்கள் கூடத்தில் அந்த முழக்கத்தைக் கேட்டு எல்லோரும் வாயடைத்துப் போனோம்.

அதன் பிறகுதான் மாற்றம் தெரிந்தது. இத்தாலி அதற்கு முன் ஆடிய ஐந்து ஆட்டங்களும் ரோம் ஒலிம்பிக் அரங்கத்தில் நடந்தவை. ஐந்திலும் வெற்றி, ஒரு கோல்கூட வாங்கவில்லை. ரோமில் இடைவிடாமல் அலையலையாக வந்த பாட்டும் கூச்சலும் நேபிள்ஸில் விட்டுவிட்டுத்தான் வந்தன. 67ஆவது நிமிடத்தில் அர்ஜென்டினாவின் கனிஜியா தலையால் பந்தை உரசி கோலாக்கி, இத்தாலிய கோல்கீப்பர் ஜெங்கா 517 நிமிடங்கள் காத்துவந்த வலையைத் திறந்தபோது அங்கே கொண்டாட்டமும் இல்லை, ஆத்திரமும் இல்லை. பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் வழக்கு வந்தால் நடுவில் நிற்கும் பெண்ணின் நிலைதான் அந்த ஊரின் நிலை என்று என் அப்பா அன்று சொன்னார். இத்தனை ஆண்டுகளில் அதைவிடச் சரியான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை.

ஆகவே என் கருத்து இதுதான்: அரங்கம் இத்தாலியின் பக்கம்தான் நின்றது, ஆனால் முழுக்குரலோடு நிற்கவில்லை.

உசிலம்பட்டி ரசிகர்:

அரசரடி அண்ணன் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒரு விஷயத்தில் மட்டும் கூடுதல் உறுதியோடு பேச விரும்புகிறேன். நேபிள்ஸ் மக்கள் நாட்டைக் கைவிட்டார்கள் என்று சொல்வது அவர்களுக்குச் செய்கிற அநியாயம். அன்று அரங்கத்தில் தொங்கிய பதாகை ஒன்று பின்னாளில் பல முறை எழுதப்பட்டிருக்கிறது: மரடோனா, நேபிள்ஸ் உன்னை நேசிக்கிறது, ஆனால் இத்தாலி எங்கள் தாய்நாடு என்பது அதன் சாரம். தங்கள் மனத்தில் இருந்ததை அவர்கள் மறைக்காமல் துணியில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். இதற்கு மேல் தெளிவான சாட்சி வேறு என்ன வேண்டும்?

இத்தாலி அணியிலும் நேபோலி வீரர் ஒருவர் ஆடினார் என்பதை நம்மவர்கள் எப்போதும் மறந்துவிடுகிறார்கள். ஃபெர்னாண்டோ டி நேபோலி நடுக்களத்தில் தொடக்கம் முதல் ஆடினார். கிளப் ஆட்டங்களில் அதே அரங்கத்தில் மரடோனாவுக்குப் பந்து கொடுத்தவர் அன்று மரடோனாவிடமிருந்து பந்தைப் பறிக்க ஓடிக்கொண்டிருந்தார். அந்த ஊர்க்காரர்களுக்கு இரண்டு பக்கமும் சொந்தம்தான்.

திண்டுக்கல் பள்ளிப் பயிற்சியாளர்:

வணக்கம். கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு மட்டும் விடை சொல்கிறேன். பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுக்கொடுப்பவன் என்ற முறையில் இந்த ஆட்டத்தை முழுமையாகத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். இத்தாலி தோற்றது கூட்டத்தால் அல்ல. முன்னிலை பெற்ற பிறகு பின்வாங்கியதால்.

செக்கோஸ்லோவாகியாவுக்கு எதிராகத் தனியாளாகப் பந்தைக் கடத்திச் சென்று கோல் போட்ட ராபர்ட்டோ பாஜியோவை உட்கார வைத்துவிட்டு, பயிற்சியாளர் விசினி வியாலியை இறக்கியதுதான் பிழை என்று அன்று முதல் பேசப்படுகிறது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை, ஏனென்றால் முதல் கோலுக்கு வழிவகுத்த அடி வியாலியுடையது. கோல் விழுந்த பிறகு இத்தாலியின் நடுக்களம் மெல்ல மெல்லத் தன் தற்காப்பு வரிசையோடு ஒட்டிக்கொண்டதைத்தான் நான் குறையாகச் சொல்வேன். அர்ஜென்டினாவின் பயிற்சியாளர் பிலார்டோ இடைவேளையில் கால்டெரோனை எடுத்துவிட்டு ட்ரோலியோவை இறக்கினார். இரண்டாம் பாதியில் பந்து பெரும்பாலும் அவர்களிடமே இருந்தது. கணுக்கால் வீங்கியிருந்த மரடோனாவால் 1986இல் ஓடியதுபோல் ஓட முடியவில்லை. ஆனாலும் அவர் நின்ற இடத்துக்கெல்லாம் இரண்டு மூன்று பேர் இழுபட்டதால் மற்றவர்களுக்கு இடம் கிடைத்தது. இடது பக்கத்திலிருந்து ஒலார்டிகோசியா தூக்கிக் கொடுத்த பந்துக்காக ஜெங்கா வெளியே வந்தார். அவர் கை எட்டுவதற்குள் கனிஜியாவின் தலை பட்டுவிட்டது. கோல்கீப்பர் வெளியே வந்தால் பந்தைத் தொட்டே ஆக வேண்டும் என்று என் மாணவர்களுக்குச் சொல்லும்போது இந்தக் கோலைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.

கூடுதல் நேரத்தின் முதல் பாதி பதினைந்து நிமிடத்தில் முடியாமல் ஏறத்தாழ இருபத்துமூன்று நிமிடம் நீண்டது. பிரெஞ்சு நடுவர் மிஷெல் வோட்ரோ கைக்கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டதாகப் பின்னர் சொன்னார். பாஜியோவைத் தாக்கியதற்காக அர்ஜென்டினாவின் ஜியூஸ்டி வெளியேற்றப்பட்டு அந்த அணி பத்துப் பேரானது. மாற்று வீரராக வந்த பாஜியோ அடித்த ஒரு ஃப்ரீ கிக்கைக் கோய்கோசியா பாய்ந்து வெளியே தட்டிவிட்டார். இத்தனை வாய்ப்பும் சாதகமும் கிடைத்தும் இத்தாலியால் இரண்டாவது கோலைப் போட முடியவில்லை. இதில் பார்வையாளர்களின் குற்றம் எங்கே இருக்கிறது?

கோய்கோசியாவைப் பற்றி ஒரு வரி சொல்லியே ஆக வேண்டும். அவர் முதல் தேர்வுக் கோல்கீப்பர் அல்ல. இதே சான் பாவ்லோ அரங்கத்தில் சோவியத் ஒன்றியத்துக்கு எதிரான ஆட்டத்தில் பம்பிதோவின் கால் முறிந்ததால் உள்ளே வந்தவர். யூகோஸ்லாவியாவுக்கு எதிரான காலிறுதியிலும் பெனால்டிகளைத் தடுத்து, மரடோனா தவறவிட்டதை ஈடுகட்டியவரும் அவரே. வெளியே காத்திருக்கும் என் மாணவர்கள் சோர்ந்துபோகும்போது அவர்களிடம் நான் எடுத்துச் சொல்வது இவரைப் பற்றித்தான்.

தல்லாகுளம் வாசகர்:

மூவருக்கும் நன்றி. பயிற்சியாளர் ஐயா விளக்கியது எனக்கு மிகவும் பயன்பட்டது. இன்னும் ஒன்று: பெனால்டி அடிக்க மரடோனா வந்தபோது கூட்டம் என்ன செய்தது? மூன்று நாள் முன்புதான் அவர் ஒரு பெனால்டியைத் தவறவிட்டிருந்தார் என்பதால் அந்தக் கணத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

அரசரடி ரயில்வே காலனிக்காரர்:

சொல்கிறேன் தம்பி. இத்தாலிக்கு பரேசி, பாஜியோ, டி அகஸ்டினி மூவரும் போட்டார்கள். அர்ஜென்டினாவுக்கு செரிசுவேலா, புருச்சாகா, ஒலார்டிகோசியா மூவரும் போட்டார்கள். நான்காவதாக வந்த டொனடோனியின் அடியைக் கோய்கோசியா தடுத்தார். அடுத்து மரடோனா வந்தார். ஊளைச் சத்தம் கேட்டது. ஆனால் எதிரணித் தலைவனை நோக்கி ஓர் அரங்கம் முழுவதும் சேர்ந்து எழுப்பும் சத்தமாக அது இல்லை. அவர் பந்தை மெதுவாக ஒரு மூலைக்கு அனுப்பினார். கோல்கீப்பர் மறுபக்கம் போய்விட்டார். பின்னர் செரினாவின் அடியும் தடுக்கப்பட, 4–3 என்று ஆட்டம் முடிந்தது. இங்கே மணி இரண்டைத் தாண்டிவிட்டது. நாங்கள் தெருவில் இறங்கிக் கத்தியதற்காக ஊரே எழுந்து திட்டியது. மறுநாள் காலைப் பத்திரிகையில் முடிவு வந்திருக்கவில்லை என்பதால், பார்க்காதவர்களுக்கு ஆட்டத்தைச் சொல்லும் வேலை அந்த நாள் முழுவதும் எங்களுக்குத்தான்.

மேலூர் பார்வையாளர்:

இந்தக் கேள்விக்கு நேபிள்ஸ் ஆட்டத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்வது சரியாகாது என்பது என் எண்ணம். ஐந்து நாள் கழித்து, ஜூலை 8ஆம் தேதி, ரோமில் நடந்த இறுதிப் போட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே அர்ஜென்டினாவின் நாட்டுப்பண் தொடங்கியதிலிருந்து முடியும்வரை ஊளையும் விசிலும் ஓயவில்லை; கேமரா முகத்தருகே வந்தபோது மரடோனா உதடசைத்துத் திட்டியதை உலகமே பார்த்தது. கனிஜியாவும் ஜியூஸ்டியும் உட்பட நான்கு பேர் தடையால் ஆட முடியாமல் போன அந்த அணி, 85ஆவது நிமிடத்தில் பிரேமே போட்ட பெனால்டியால் மேற்கு ஜெர்மனியிடம் 1–0 என்று தோற்றது. அர்ஜென்டினா மீது உண்மையான வெறுப்பு எப்படி ஒலிக்கும் என்பதற்கு ரோம் சான்று. நேபிள்ஸில் கேட்டது அதுவல்ல.

தம்பிக்கு என் பரிந்துரை: சுருக்கக் காணொளிகளை விட்டுவிட்டு அரையிறுதியின் முழுப் பதிவைத் தேடி எடுத்து, நல்ல ஹெட்போன் போட்டுக்கொண்டு மூன்று இடங்களைக் கேளுங்கள். முதலில் அர்ஜென்டினாவின் நாட்டுப்பண். அடுத்து ஸ்கில்லாச்சியின் கோலுக்குப் பிந்தைய இரண்டு நிமிடங்கள். பிறகு கனிஜியாவின் கோலுக்குப் பிந்தைய இரண்டு நிமிடங்கள். அதே கையோடு ரோம் இறுதிப் போட்டியின் நாட்டுப்பண் பகுதியையும் கேட்டுவிட்டு இங்கே வந்து எழுதுங்கள். உங்கள் காதுக்கு என்ன பட்டது என்று அறிய நாங்களும் ஆவலாக இருக்கிறோம்.