ஆர்க் மோடில் தமிழ்க் குறிப்புகள்: சந்தித்த கோளாறுகளும் செய்துகொண்ட மாற்றங்களும்

ஈமேக்ஸ் என்னும் எழுத்துத் திருத்தியில், குறிப்புகளையும் வேலைப் பட்டியலையும் எழுதுவதற்கான ஆர்க் மோட் கொண்டு குறிப்பெடுப்பவர்களும் கட்டுரை எழுதுபவர்களும் தாங்கள் எதிர்கொண்ட கோளாறுகளை இங்கே பகிர்ந்துகொள்ளலாம். தீர்வை மட்டும் எழுதிவிட்டுப் போகாமல், கோளாறு எங்கே ஒளிந்திருந்தது என்பதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றும் எழுதுங்கள். ஒருவருடைய தீர்வு இன்னொருவர் கணினியில் பலிக்காமல் போகலாம். தேடிய வழி பெரும்பாலும் பலிக்கும்.

முதலில் என் அனுபவம். ஆர்க் மோடின் புதிய பதிப்பை நிறுவிய பிறகு, அதுவரை ஒழுங்காகத் திறந்துகொண்டிருந்த கோப்பு, பதிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்ற எச்சரிக்கையோடு திறந்தது. தலைப்பின்மேல் டேப் விசையை அழுத்தினால் பகுதி மடிவதற்குப் பதிலாக, செல்லாத ஃபங்ஷன் (செயற்கூறு) என்ற பிழைச்செய்தி கீழ்வரியில் தோன்றியது. ஈமேக்ஸை மூடித் திறந்தும், கணினியையே மறுபடி தொடங்கியும் மாற்றமில்லை. கோப்புதான் கெட்டுவிட்டது என்று முதலில் தோன்றும். ஆனால் ஆர்க் கோப்பு என்பது வெறும் எழுத்துக் கோப்பு, வேறு எந்தத் திருத்தியில் திறந்தாலும் உள்ளடக்கம் அப்படியே இருந்தது. ஆகவே கோளாறு நிரலில்தான் என்பது உறுதியாயிற்று.

ஆல்ட்-எக்ஸ் அழுத்தி ‘ஆர்க்-வெர்ஷன்’ கட்டளையை இயக்கியபோது விடை கிடைத்தது. பதிப்பு எண்ணோடு, அது எந்த அடைவிலிருந்து (ஃபோல்டரிலிருந்து) ஏற்றப்பட்டது என்பதையும் அந்தக் கட்டளை காட்டும். என் கணினியில் இரண்டு அடைவுகளைக் காட்டி, ‘கலப்பு நிறுவல்’ என்றும் குறிப்பிட்டது. 2007இல் வந்த 22ஆம் பதிப்பிலிருந்து ஈமேக்ஸ் தன்னோடு ஓர் ஆர்க் மோடைச் சேர்த்தே தருகிறது. பேக்கேஜ் (துணை நிரல் தொகுப்பு) வழியாக நாம் நிறுவும் புதிய ஆர்க் வேறோர் அடைவில் போய் அமர்கிறது. பழைய ஆர்க் நினைவகத்தில் ஏற்கெனவே ஏறியிருக்கும் நேரத்தில் புதியதை நிறுவினால், புதிய கோப்புகள் கம்பைல் ஆகும்போது (கணினி விரைவாக இயக்கும் வடிவுக்கு மாறும்போது) பழைய மேக்ரோக்கள், அதாவது நிரல் வார்ப்புகள், அவற்றுக்குள் கலந்துவிடுகின்றன. அப்படிக் கம்பைல் ஆன கோப்பு வட்டிலேயே தங்கிவிடுவதால்தான் மறுதொடக்கம் எதையும் சரிசெய்யவில்லை.

புதிய ஆர்க்கின் அடைவை முழுவதும் நீக்கிவிட்டு, கழித்தல் குறியும் பெரிய ‘க்யூ’வும் சேர்ந்த தேர்வோடு ஈமேக்ஸைத் தொடங்கினேன். இந்தத் தேர்வு, நம் விருப்ப அமைப்புகளை எழுதிவைக்கும் அமைப்புக் கோப்பைத் தொடாமல் வெறும் ஈமேக்ஸை மட்டும் திறக்கும். அந்த வெற்று நிலையில், ஆர்க் கோப்பு எதையும் திறப்பதற்கு முன்பாகவே மறுபடி நிறுவியதும் கோளாறு மறைந்தது. பிறகு அமைப்புக் கோப்பிலும் ஆர்க் பற்றிய வரியை மற்ற பேக்கேஜ்களுக்கு மேலே ஏற்றி வைத்தேன். ஏனெனில் ஆர்க்கைச் சார்ந்த ஏதேனும் ஒரு பேக்கேஜ் முந்திக்கொண்டால், அது பழைய ஆர்க்கைக் கையோடு இழுத்து வந்துவிடும்.

* * *

மேலே சொல்லப்பட்ட வெற்றுத் தொடக்கம்தான் எந்தக் கோளாறுக்கும் நான் எடுத்துவைக்கும் முதல் அடி. வெறும் ஈமேக்ஸில் கோளாறு வரவில்லையென்றால் குற்றவாளி நம் அமைப்புக் கோப்புதான். அதன்பின், கோப்பின் கீழ்ப்பாதியைக் குறிப்புரையாக மாற்றித் திறந்து பார்ப்பேன். கோளாறு தொடர்ந்தால் மேல்பாதியில் பாதி, நின்றுவிட்டால் கீழ்ப்பாதியில் பாதி என்று குறைத்துக்கொண்டே போனால், ஆயிரம் வரிக் கோப்பானாலும் பத்துச் சுற்றுக்குள் அந்த ஒரு வரி பிடிபட்டுவிடும். அலுப்பான வேலைதான், ஆனால் ஊகித்து ஊகித்து வரிகளைச் சேர்ப்பதைவிட விரைவானது. இணையத்தில் கண்ட வரிகளையெல்லாம் அடுக்கிக்கொண்டே போவதால்தான் பலருடைய அமைப்புக் கோப்பு அவர்களுக்கே புரியாத நிலைக்கு வந்து சேர்கிறது என்பது என் கருத்து.

எல்லா நேரமும் நம் கோப்பே காரணம் என்றும் சொல்ல முடியாது. 2020இல் ஆர்க் 9.4 வந்தபோது, தலைப்புக்குக் கீழே என்டர் அழுத்தினால் புதிய வரி இடம்விட்டு உள்ளே தள்ளித் தொடங்கியது. என் அமைப்புக் கோப்பை எவ்வளவு பிரித்துப் பார்த்தும் எதுவும் அகப்படவில்லை; வெறும் ஈமேக்ஸிலும் அதே நடத்தைதான். அப்போது கன்ட்ரோல்-எச் கே அழுத்தி, அதன்பின் என்டரை அழுத்தினேன். அந்த விசை எந்தக் கட்டளையை இயக்குகிறது என்பதையும் அதன் விளக்கத்தையும் ஈமேக்ஸ் அங்கேயே காட்டிவிடும். தானாக உள்தள்ளும் ஈமேக்ஸ் வசதியை ஆர்க் அந்தப் பதிப்பிலிருந்து மதிக்கத் தொடங்கியிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. ‘ஆர்க்-அடாப்ட்-இன்டென்டேஷன்’ என்ற மாறிக்கு (அமைப்பு மதிப்பைத் தாங்கும் பெயருக்கு) ‘நில்’, அதாவது ‘இல்லை’ என்ற மதிப்புக் கொடுத்ததும் பழைய நிலை திரும்பியது. பலரும் முணுமுணுத்திருக்க வேண்டும், 9.5இல் அதையே இயல்நிலையாக்கிவிட்டார்கள்.

இதே வகையில் இன்னொன்று: சிறியது என்னும் குறியும் ‘எஸ்’ எழுத்தும் இட்டு டேப் அழுத்தினால் நிரல்பகுதி (குறிப்புக்குள் நிரல் எழுதும் இடம்) விரியும் பழைய வழக்கம் 9.2இல் இயல்பாக நின்றுபோனது. ‘ஆர்க்-டெம்போ’வை அமைப்புக் கோப்பில் ஏற்றினால் அது திரும்பிவரும், அல்லது கன்ட்ரோல்-சி, அதன்பின் கன்ட்ரோலோடு காற்புள்ளி என்ற புதிய வழிக்குக் கையைப் பழக்கிக்கொள்ளலாம். நான் பழக்கிக்கொண்டேன். ஒவ்வொரு பதிப்போடும் வரும் மாற்றக் குறிப்பில், ஒத்திசைவற்ற மாற்றங்கள் என்ற பகுதியை மட்டுமாவது புதுப்பிப்பதற்கு முன் படிப்பது நல்லது.

* * *

நான் ஆய்வுக் கட்டுரைகளைத் தமிழிலேயே எழுதி, ஆர்க்கிலிருந்து பிடிஎஃப் ஆக்குகிறேன். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் கண்டிராத சில முடிச்சுகள் இதில் உண்டு.

முதல் முடிச்சு, தடித்த எழுத்து. ஒரு சொல்லின் இருபுறமும் உடுக்குறி இட்டால் அது தடித்துத் தெரிய வேண்டும். *நூல்* என்று எழுதினால் தெரிகிறது. *நூல்*களில் என்று எழுதினால் தெரிவதில்லை, உடுக்குறிகள் இரண்டும் வெறும் குறிகளாகவே திரையில் நிற்கின்றன. மூடும் குறியை அடுத்து இடைவெளியோ, நிறுத்தற்குறியோ, சிறுகோடோ, மூடும் அடைப்போதான் வரலாம் என்பது ஆர்க்கின் விதி. நமக்கோ உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டியே வரும். விகுதியையும் சேர்த்து *நூல்களில்* என்று தடிக்கவைப்பது எளிய வழி. சொல்லின் பகுதியை மட்டும் தனித்துக் காட்டியே ஆக வேண்டிய இலக்கணக் கட்டுரைகளில் அது உதவாது. அங்கே மூடும் உடுக்குறிக்கும் ‘களில்’ என்பதற்கும் நடுவே, கன்ட்ரோல்-எக்ஸ் 8 அழுத்தி, என்டர் தட்டி, 200பி என்ற எண்ணைக் கொடுத்து, அகலமற்ற இடைவெளியைச் செருகுகிறேன். ஆர்க்கின் கையேடே பரிந்துரைக்கும் வழி இது. ஆனால் அந்தக் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஏற்றுமதிக்கு (கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றுவதற்கு) பிறகும் உள்ளேயே இருப்பதால், இணையப் பக்கத்தில் வரி நிரம்பும் இடத்தில் சொல் இரண்டாக உடைந்து, ‘களில்’ மட்டும் அடுத்த வரியில் தனியே போய் நிற்கக் கண்டேன். இறுதி வெளியீட்டு வடிகட்டியில், அந்த எழுத்தை நீக்கும் ஒரு சிறு ஃபங்ஷனைச் சேர்த்த பிறகே அது ஓய்ந்தது.

இரண்டாவது முடிச்சு, பிடிஎஃப். ஆர்க் இயல்பாக அழைப்பது, லேடெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளின் ஒரு வடிவமான பிடிஎஃப்லேடெக்கை. அது தமிழ் எழுத்தைக் கண்டதும், இந்த யூனிகோட் எழுத்துக்கு ஏற்பாடு இல்லை என்று நின்றுவிடும். கோப்பின் தலைப்பகுதியில் லேடெக் கம்பைலராக, யூனிகோடை ஏற்கும் ஸீலேடெக்கைக் குறிப்பிட்டு, எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க உதவும் ஃபான்ட்ஸ்பெக் பேக்கேஜைச் சேர்த்து, ஒரு தமிழ் எழுத்துருவை முதன்மை எழுத்துருவாக அறிவிக்க வேண்டும். நான் நோட்டோ செரிஃப் டமில் வைத்திருக்கிறேன். எழுத்துருவின் பெயரைச் சொல்வதோடு, அதன் ஸ்கிரிப்ட் தமிழ் என்பதையும் அதே வரியில் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டால் எழுத்துகள் வரும், ஆனால் ‘கெ’, ‘கே’, ‘கொ’ ஆகியவற்றில் கொம்பு தவறான இடத்தில் போய் அமரும். இணையத்தில் சுற்றும் பல மாதிரிகளில் இந்தச் சிறு பகுதி விடுபட்டிருக்கிறது.

இதைவிடக் கள்ளத்தனமானது நிரல்பகுதியில் நேர்வது. பிழை எதுவும் காட்டாமல் பிடிஎஃப் உருவாகிவிடும்; திறந்து பார்த்தால் நிரலுக்குள் தமிழில் எழுதிய குறிப்புரைகள் இருந்த இடம் வெறுமையாக இருக்கும். சமஅகல எழுத்துருவில் தமிழ் வடிவங்கள் இல்லாதபோது ஸீலேடெக் நிற்பதில்லை. காணாத எழுத்துகளைப் பதிவுக் கோப்பில் எழுதிவைத்துவிட்டு மேலே நடக்கிறது. ஏற்றுமதி முடிந்ததும் பதிவுக் கோப்பில் ‘மிஸ்ஸிங் கேரக்டர்’ என்ற தொடரைத் தேடிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். சமஅகல எழுத்துருவாகவும் ஒரு தமிழ் எழுத்துருவை அறிவித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

திரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஈமேக்ஸ் 27 முதல் எழுத்துகளைக் கோத்துத் தரும் ஹார்ஃப்பஸ் நிரலகத்தின் துணையோடு எழுத்துகள் ஒழுங்காகவே கோக்கப்படுகின்றன. எழுத்துருத் தொகுதியில் தமிழுக்குத் தனி எழுத்துரு ஒதுக்கி, அது லத்தீன் எழுத்துகளைவிட உயரமாகத் தெரிந்தால் அளவைச் சற்றுக் குறைத்துவிட்டால், வரிக்கு வரி உயரம் துள்ளுவது நின்றுவிடும்.

* * *

வேலைப் பட்டியலின் நிலைச் சொற்களைத் தமிழில் வைத்துக்கொள்ள முடியுமா என்று சிலர் கேட்பதுண்டு. முடியும். ‘செய்’, ‘காத்திரு’, நிலைக்கோடு, ‘முடிந்தது’ என்று கோப்பின் தலைப்பில் அறிவித்தால் போதும். ஆனால் அறிவித்தவுடன் எதுவும் நடக்காது. அந்த வரியின்மேல் நின்று கன்ட்ரோல்-சி இரண்டு முறை அழுத்தினால்தான் ஆர்க் தலைப்பு வரிகளை மறுபடி படிக்கும். ‘வேலை செய்யவில்லை’ என்று வரும் புகார்களில் கணிசமானவை இந்த இரண்டு அழுத்தங்களில் தீர்ந்துவிடுகின்றன.

இயங்குதளத்தின் மொழியைத் தமிழாக வைத்திருப்பவர்களுக்குத் தேதி முத்திரையில் கிழமை தமிழில் விழும். ஆர்க் அதைப் புரிந்துகொள்ளும். ஆனால் அதே கோப்பை ஆங்கிலக் கணினியிலும் திருத்தினால் முத்திரைகள் கலவையாகிவிடும். ‘சிஸ்டம்-டைம்-லோக்கேல்’ மாறிக்கு ‘சி’ என்று மதிப்பிட்டுவிட்டால் எல்லா இடத்திலும் ஒரே வடிவம்.

* * *

என் குறிப்புக் கோப்பு பெரிதாக வளர்ந்து, ஒவ்வோர் எழுத்தும் தட்டிய பிறகு தயங்கித் தயங்கித் தெரியத் தொடங்கியது. கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்துவிடும்படிதான் எல்லோரும் அறிவுரை சொல்வார்கள். பிரிப்பதற்கு முன் அளந்து பார்க்க விரும்பினேன். ‘புரொஃபைலர்-ஸ்டார்ட்’ கொடுத்து, சற்று நேரம் எழுதிவிட்டு, ‘புரொஃபைலர்-ரிப்போர்ட்’ பார்த்தபோது, நேரத்தில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டிருந்தது ஆர்க் அல்ல, எழுத எழுதச் சொற்பிழை பார்க்கும் ஒரு துணை பேக்கேஜ். அதை அந்தக் கோப்புக்கு மட்டும் நிறுத்தினேன்; கோப்பு இன்றும் ஒரே கோப்பாகத்தான் இருக்கிறது. ஆர்க் 9.6இல் மடிப்பு முறையையே மாற்றி எழுதியதால் பெரிய கோப்புகளில் நகர்வதும் இப்போது இலகுவாகியிருக்கிறது.

அமைப்பு மாற்றங்களைப் பற்றிப் பேசும்போது ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நிரல்பகுதியை இயக்கும் முன் ஆர்க் கேட்கும் உறுதிக் கேள்வி எரிச்சலூட்டுகிறது என்று, அதை ஒட்டுமொத்தமாக அணைத்துவிடும் வரி பல மாதிரி அமைப்புகளில் இருக்கிறது. பிறர் அனுப்பும் ஆர்க் கோப்புகளைத் திறப்பவர்கள் அதைச் செய்யக் கூடாது. 2024 ஜூனில் வெளிவந்த ஈமேக்ஸ் 29.4, ஆர்க் கோப்பில் இருக்கும் இணைப்புச் சுருக்கம் வழியாக விரும்பிய கட்டளையை இயக்கிவிடக்கூடிய ஓட்டையை அடைப்பதற்காகவே வந்த அவசரப் பதிப்பு. எழுத்துக் கோப்புதானே என்று அசட்டையாக இருக்க இடமில்லை. நம்பிக்கையான மொழிகளுக்கு மட்டும் கேள்வியைத் தவிர்க்கும்படி, அந்தக் கேள்வியைக் கட்டுப்படுத்தும் மாறியில் ஒரு ஃபங்ஷனையே மதிப்பாகக் கொடுக்க வழியிருக்கிறது. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

* * *

விசைப்பலகையைப் பற்றி யாரும் எழுதவில்லை. இயங்குதளத்தின் விசைப்பலகை அமைப்பைத் தமிழுக்கு மாற்றிவிட்டு ஆர்க்கில் எழுதினால், கன்ட்ரோல்-சி என்று நாம் அழுத்துவது கன்ட்ரோலோடு ஒரு தமிழ் எழுத்தாக ஈமேக்ஸுக்குப் போய்ச் சேர்ந்து, அப்படியொரு விசை வரையறுக்கப்படவில்லை என்ற செய்தி வரும். ஒவ்வொரு கட்டளைக்கும் மொழி மாற்றி மாற்றி எழுதுவது சலிப்பூட்டும் வேலை. ஈமேக்ஸின் உள்ளேயே இருக்கும் உள்ளீட்டு முறையைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை அடியோடு தீரும். அது தட்டும் எழுத்துகளை மட்டும் தமிழாக்கி, கன்ட்ரோல் சேர்ந்த விசைகளைத் தொடாமல் விட்டுவிடும். கன்ட்ரோலோடு பின்சாய்கோடு அழுத்தினால் மாறிக்கொள்ளலாம். ஈமேக்ஸ் 29இல் தமிழ்99 முறையும், விதிகளை நாமே மாற்றிக்கொள்ளக்கூடிய ஒலிப்பு முறையும் சேர்ந்திருக்கின்றன.

எனக்கு இன்னும் முழுமையாகத் தீராதது அட்டவணைதான். ஒவ்வோர் எழுத்தும் இத்தனை கட்டம் அகலம் என்று எண்ணித்தான் ஆர்க் நிலைக்கோடுகளை நேராக்குகிறது. தமிழ் எழுத்துகளோ ‘ர’ ஒடுங்கியும் ‘ணௌ’ விரிந்தும் வருவதால் கோடுகள் வளைந்து நெளிகின்றன. ‘வால்அலைன்’ பேக்கேஜ் திரைப் புள்ளிகளை அளந்து நேராக்கித் தருகிறது, பெரிய அட்டவணையில் சற்றுத் திணறினாலும் பயன்படுத்தலாம். எழுத்துகளை மட்டும் காட்டும் டெர்மினலில் திறக்கும்போது புள்ளிக் கணக்கு என்பதே இல்லாததால் அது அங்கே உதவாது. ஆகவே டெர்மினலிலும் திருத்த வேண்டிய அட்டவணைகளில் தமிழ் வரும் பத்தியைக் கடைசியாக வைத்துக்கொள்கிறேன். வலது ஓரக் கோடு மட்டும் கோணலாகத் தெரியும், மற்றவை நேராக நிற்கும்.