கயிறு கட்டிய முதுகு: ஃபியூஷன் இல்லாத ஸ்கோலியோசிஸ் ஆபரேஷன், எங்கள் அனுபவங்கள்

மகளின் அம்மா

மகள் ஷூ லேஸ் கட்டக் குனிந்தாள். முதுகின் வலப்பக்கம் மட்டும் மேடாகத் தூக்கி நின்றது. அதற்கு முன் பல மாதங்களாக "தோளை நேராக வைத்து நில்" என்று அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன். இது ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது, கூன் போட்டு உட்கார்வதாலோ பை தூக்குவதாலோ வருவதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. திட்டியதற்கு மன்னிப்பும் கேட்டாயிற்று.

அப்போது 11 வயது, வளைவு 28 டிகிரி. உடம்பை இறுக்கிப் பிடிக்கும் பிரேஸ் என்ற கவசம் கொடுத்தார்கள், நாளுக்கு 18 மணி நேரம். 12 மணி நேரமாவது போடுகிறாள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். பிரேஸுக்குள் இருந்த சென்சார் 9 என்றது. ஒன்றேகால் வருடத்தில் 44 டிகிரி.

மருத்துவர் இடது கையை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். முதுகுக்காக வந்த இடத்தில் கை எதற்கு என்று எனக்கு எரிச்சல். விரல் எலும்புகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகளைப் பார்த்து, இன்னும் எவ்வளவு வளர்ச்சி பாக்கி என்று கணிக்கிறார்கள். சாண்டர்ஸ் நிலை என்று பெயர். இவளுக்கு 3. இடுப்பெலும்பில் பார்க்கும் இதேபோன்ற அளவு ரிஸர், அது 0. அதாவது வேகமாக வளரும் கட்டத்தில் இருக்கிறாள். வளைவு விறுவிறுவென ஏறியதற்கும் அதுதான் காரணம், இந்த ஆபரேஷனுக்கு அவள் பொருந்தி வந்ததற்கும் அதுதான் காரணம்.

வளைவு புடைத்த பக்கத்தில் முள்ளெலும்புக்கு ஒன்றாக ஸ்க்ரூ போட்டு, எல்லாவற்றையும் ஒரு பாலியஸ்டர் கயிற்றால் கோத்து இழுத்துப் பூட்டுகிறார்கள். டெதரிங் என்கிறார்கள். அழுத்தம் விழும் பக்கம் மெதுவாக வளரும், அழுத்தமில்லாத பக்கம் வளர்ந்து எட்டிப்பிடிக்கும். ஹூட்டர், வோல்க்மன் என்ற இரண்டு ஜெர்மன் மருத்துவர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்துச் சொன்ன விதியாம். முதுகு முழுதாக நிமிர்ந்த நிலையில் மேஜையிலிருந்து இறங்க மாட்டாள், பாதி வேலை நம்முடையது, மீதி அவள் வளர்ச்சியுடையது என்றார் மருத்துவர். ஆபரேஷன் முடிந்து நின்று எடுத்த முதல் எக்ஸ்ரேயில் 24. ஒரு வருடம் கழித்து 15.

இதைச் செய்துகொண்டவர்கள், செய்யாமல் விட்டவர்கள், எல்லாரும் எழுதுங்கள். நல்லதை மட்டும் எழுத வேண்டாம்.

கம்பிக்காரி

எனக்கு ஃபியூஷன். 15 வயதில், 56 டிகிரியில். இப்போது 28 ஆகிறது. முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, இரண்டு பக்கமும் கம்பி. அப்போதே ரிஸர் 4, வளர்ச்சி ஏறக்குறைய முடிந்துவிட்டது. கயிறு கட்டினாலும் பிடித்து நிறுத்த வளர்ச்சி ஏது?

ஒன்று சொல்லிவிடுகிறேன் அக்கா, தப்பாக நினைக்காதீர்கள். டெதரிங் பற்றிப் பேசும் இடங்களில் ஃபியூஷனைப் பூச்சாண்டியாக்கிவிடுகிறார்கள். நான் குனிந்து கீழே விழுந்த சாக்ஸை எடுப்பேன், குனிவதில் பெரும்பங்கு இடுப்பு மூட்டில்தான் நடக்கிறது. எனக்கு ஒட்டியது மார்புப் பகுதிதான், கீழ்முதுகை விட்டுவிட்டார்கள். இடுப்புவரை ஒட்டியவர்கள் கதை வேறு. கார் ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் உடம்போடு திரும்ப வேண்டியிருக்கும். 13 வருடத்தில் இரண்டாவது ஆபரேஷன் கிடையாது. கயிறு கட்டிய பிள்ளைகளில் மறுபடி மேஜை ஏறுகிறவர்கள் ஃபியூஷனைவிட அதிகம். இதையும் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும்.

சந்தேகப்பிராணி

மேலே தங்கை சொன்னதற்கு நான் சாட்சி. என் மகளுக்குக் கயிறு அறுந்தது.

எங்களுக்கு முன்பே சொன்னார்களா? சொன்னார்கள். "அரிதாக அறுந்துபோகலாம்" என்று ஒரே வரி. அரிதாக இல்லை. வருடங்கள் போகப்போக அறுவது சாதாரணமாகவே நடக்கிறது என்று பின்னால் நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த ஒரு வரிக்காகத்தான் மருத்துவர்மேல் இன்னும் கோபம். கயிற்றின்மேல் இல்லை.

அறுந்ததை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? கயிறு எக்ஸ்ரேயில் தெரியாது! ஸ்க்ரூக்கள் மட்டும் வெள்ளையாக, அந்தரத்தில் வரிசையாக நிற்கும். பக்கத்துப் பக்கத்து ஸ்க்ரூக்களுக்கு இடையிலான கோணத்தை அளந்து முந்தின படத்தோடு ஒப்பிடுகிறார்கள். 5 டிகிரிக்கு மேல் விரிந்திருந்தால் அந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று சந்தேகம். இவளுக்கு இரண்டரை வருடம் கழித்து, வளைவின் அடிப்பக்கத்தில். வலி இல்லை, சத்தம் இல்லை, அவளுக்கு எதுவுமே தெரியவில்லை. வளைவு 18இலிருந்து 26 ஆனது. அதற்குள் வளர்ச்சி முடிந்துவிட்டதால் அப்படியே விட்டுவிட்டார்கள். இரண்டு வருடமாக 26இலேயே நிற்கிறது. பாதி வளர்ச்சியில் அறுந்திருந்தால் மறுபடி ஆபரேஷன்தான்.

அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ 2019 ஆகஸ்டில் இந்தக் கயிற்றுக்கு அனுமதி கொடுத்தது பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். அது மனிதாபிமான விலக்கு என்ற வகை. வருடத்துக்கு 8,000 பேருக்கு மேல் தேவைப்படாத கருவிகளுக்கான வழி. பாதுகாப்பையும், பலன் இருக்க வாய்ப்புண்டு என்பதையும் காட்டினால் போதும், முழுப் பலனையும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆபரேஷன் செய்யாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நாங்கள் மறுபடி முடிவெடுக்க வேண்டியிருந்தாலும் இதையே எடுத்திருப்போம் என்று நினைக்கிறேன். பாதி நாள் அப்படி நினைக்கிறேன்.

பிசியோ

மகளின் அம்மாவுக்கு: அந்த 9 மணி நேரத்தை மனதில் போட்டுக் குடைய வேண்டாம், எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். ஆனால் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், பிரேஸை லேசாக எடுக்காதீர்கள். 2013இல் வந்த பெரிய ஆய்வில் பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேர் 50 டிகிரியைத் தொடாமல் வளர்ச்சியை முடித்தார்கள். போடாதவர்களில் 48. சராசரியாக நாளுக்கு 13 மணி நேரமாவது போட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் பலன். என்னிடம் வரும் பெற்றோர் பலர் பிரேஸ் போட்டுப் பார்ப்பதற்கு முன்பே கயிற்றைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

சித்தி

சின்னதாக ஒரு பதிவு. அக்கா மகளுக்கு 10 வயதில் செய்தார்கள், சாண்டர்ஸ் 2. நிமிர்ந்தது, நேரானது, நிற்கவில்லை. எதிர்ப்பக்கம் வளைய ஆரம்பித்தது. இரண்டாவது முறை உள்ளே போய்க் கயிற்றைத் தளர்த்த வேண்டியதாயிற்று. வளர்ச்சி குறைவாக மிச்சமிருந்தால் பலன் இல்லை, அதிகமாக மிச்சமிருந்தால் இப்படி.

பதினாறு

நான்தான் இங்கே கயிறு கட்டியிருக்கும் ஒரே ஆள் போல. எல்லாரும் அம்மா, அப்பா, சித்தியாக இருக்கிறீர்கள். டிகிரி எல்லாம் அப்பாவுக்குத்தான் ஞாபகம், எனக்கு ட்யூப்தான் ஞாபகம்.

பக்கவாட்டில், அக்குளுக்குக் கீழே சின்னச் சின்னத் துளைகள் போட்டு, கேமரா விட்டுத்தான் செய்தார்கள். வழியில் நுரையீரல் இருப்பதால் ஒரு பக்க நுரையீரலைச் சுருக்கி வைப்பார்கள், முடிந்ததும் மறுபடி ஊதுவார்கள். அப்புறம் மார்பில் ஒரு ட்யூப், படுக்கைக்குக் கீழே ஒரு பெட்டி, அதில் சிவப்பாகத் தண்ணீர் இறங்கும். நிஜமாகச் சொன்னால் முதுகு அவ்வளவு வலிக்கவில்லை, அந்த ட்யூப் இருந்த இடம்தான் ஒவ்வொரு மூச்சுக்கும் குத்தியது. மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் டப்பா கொடுத்து, மூச்சை இழுத்துப் பந்தை மேலே தூக்கச் சொல்வார்கள். முதல் நாள் ஒரு பந்துகூட அசையவில்லை, நான் அழுதேன். நர்ஸ் அக்கா வாங்கி இழுத்துக் காட்டினார், மூன்றும் ஒட்டிக்கொண்டு நின்றன. ரொம்பக் கடுப்பாக இருந்தது. மூன்றாம் நாள் இரண்டு பந்து தூக்கினேன், அன்று ட்யூப்பை எடுத்தார்கள். "மூச்சைப் பிடி" என்றார்கள், ஒரு இழுப்பு, அவ்வளவுதான். மூன்று மாதத்தில் நீச்சலுக்குப் போய்விட்டேன்.

பிரேஸ் போடாததற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. வகுப்பில் யாராவது பின்னாலிருந்து தட்டினால் டொக் என்று சத்தம் வரும். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

மகளின் அம்மா

பதினாறு, நீ எழுதியதை அவளிடம் படித்துக் காட்டினேன். "டொக்" என்று வந்ததும் சிரித்துவிட்டாள். அந்த மூன்று பந்து டப்பா இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது, தம்பி அதில் போட்டி வைக்கிறான்.

சந்தேகப்பிராணி அண்ணா, எங்களுக்கு ஒரு தடவைகூட யாரும் ஸ்க்ரூக்களுக்கு நடுவே அளந்து காட்டவில்லை, மொத்த வளைவை மட்டும்தான் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை அடுத்த எக்ஸ்ரே. பழைய படங்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டேன், ஒவ்வொரு ஜோடியையும் அளக்கச் சொல்லப் போகிறேன். கதவு நிலையில் பென்சிலால் உயரம் குறித்துவருகிறோம், போன மூன்று மாதத்தில் 2 செ.மீ. ஏறியிருக்கிறாள். இன்னும் வளர்கிறாள் என்றால், சித்தி சொன்னதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.