அப்பாவின் ஸ்டுடியோ நெகட்டிவ்கள்: எந்த மென்பொருளில் அடுக்குவது?

ஸ்டுடியோக்காரர் மகன்:
மாயவரத்தில் அப்பா நடத்திய ஸ்டுடியோவை மூடியபோது நெகட்டிவ்களை மட்டும் கொண்டுவந்துவிட்டேன். மூன்று வருடம் ஸ்கேன் செய்ததில் 14,000 டிஃப் படக் கோப்புகள், 1.1 டிபி. ஒவ்வொரு உறையிலும் அப்பா பென்சிலில் எழுதியிருப்பார்: "அரிசிக்கடை வீட்டு வளைகாப்பு, 12 காப்பி, பாக்கி 40 ரூபாய்". (பாக்கி வந்ததாகத் தெரியவில்லை.) படத்தைவிட இந்தக் குறிப்புகள்தான் எனக்கு முக்கியம். முன்பு ஒரு மென்பொருளில் 2,000 படங்களுக்கு இதையெல்லாம் தட்டச்சு செய்தேன். அதை நிறுத்திவிட்டார்கள். படங்கள் பத்திரமாக இருக்கின்றன, எழுதியது எதுவும் வெளியே வரவில்லை. இப்போது டிஜிகாம், இம்மிச் என்ற இரண்டு மென்பொருள்களைப் பார்த்துவைத்திருக்கிறேன். எதை எடுக்கலாம்? முகம் கண்டுபிடிப்பதெல்லாம் இரண்டாம்பட்சம்.

பழைய_வட்டு:
உங்கள் தேவைக்கு டிஜிகாம். அமைப்புகளில் மெட்டாடேட்டா (படத்தைப் பற்றிய விவரங்கள்) பகுதிக்குப் போய், குறிப்பையும் டேக்கையும் (தேட உதவும் அடையாளச் சொல்) கோப்புக்குள்ளேயே எழுதச் சொல்லிவிடுங்கள். இம்மிச் மூலக் கோப்பைத் தொடாது. குறிப்பைப் பக்கத்தில் எக்ஸ்எம்பி என்ற குறிப்பு வடிவத்தில் ஒரு தனிக் கோப்பாக வைக்கும். அதுவும் நல்ல பழக்கம்தான், ஆனால் படத்தை நகர்த்தும்போது அதை மறந்துவிடுவோம். வீட்டில் எல்லோரும் போனில் பார்க்கவேண்டுமென்றால் அதே ஃபோல்டரை இம்மிச்சுக்கு வெளி நூலகமாகக் காட்டலாம். எதுவானாலும் 14,000-இல் கை வைப்பதற்கு முன் பத்துப் படத்தில் எழுதி, வேறு கணினியில் வேறு மென்பொருளில் திறந்து பாருங்கள்.

கும்மோணத்தான்:
அந்தப் பத்தும் தமிழில் இருக்கட்டும் சார், நான் பட்டது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட். 'கு' என்றாலே க, உகரக் குறி என 6 ஆகிவிடும். படத்துக்குள் குறிப்பு எழுதும் பழைய ஐபிடிசி வடிவத்தில் ஒரு டேக்குக்கு 64 பைட்தான் இடம். "பெரியப்பா வீட்டுக் கல்யாணம்" என்று போட்டேன், அப்போது வைத்திருந்த மென்பொருள் அளவெடுத்து வெட்டிவிட்டது. "பெரியப்பா வீட்டுக் கல்" என்று 300 படங்கள்! எக்ஸ்எம்பி வடிவத்தில் இந்தத் தொல்லை இல்லை. எக்ஸிஃப்டூல் என்ற கருவியை வைத்துப் பார்த்தால் எது எங்கே எழுதப்பட்டது என்று தெரிந்துவிடும்.

பழைய_வட்டு:
கல்! :) அப்புறம், அந்த 1.1 டிபி இரண்டு வட்டிலாவது இருக்கிறதல்லவா? ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

ஸ்டுடியோக்காரர் மகன்:
ஒன்று தங்கை வீட்டில் இருக்கிறது. சோதனையும் முடிந்தது. டிஜிகாமில் எழுதி எக்ஸிஃப்டூலில் பார்த்தால், அது ஓடும் கறுப்புக் கட்டளைத் திரையில் தமிழெல்லாம் கட்டம் கட்டமாக வந்து வயிற்றைக் கலக்கியது. விடையைக் கோப்பாகச் சேமித்து நோட்பேடில் திறந்ததும் அப்பா எழுதியது அப்படியே இருந்தது, 40 ரூபாய் உட்பட. தட்டச்சு ஆரம்பித்துவிட்டேன். "பாக்கி" என்று தனியாக ஒரு டேக் போட்டிருக்கிறேன். இதுவரை 31 வீடுகள்.